லீகோ நாளில் பூத்த ஜோடி

இரண்டு நாளாகச் சமையலறை ஜன்னலை மோட்ரிஸ் திறக்கவில்லை. மேஜைமேல் இரண்டு கஞ்சாச் செடிகள், ஒன்று ஆண், ஒன்று பெண். போதை இல்லாத இனம். விதையை அரைத்து ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். ஊரில் மற்றவை ஆகஸ்டில்தான் பூக்கும், விதை முற்றுமுன் உறைபனி விழுந்துவிடும். ஒவ்வொரு வருடமும் முந்திப் பூத்ததன் விதையை மட்டும் பொறுக்கி விதைத்து, ஆறு வருடம் பாடுபட்டாள் அவன் மனைவி இல்வா. ஜூன் கடைசியில், பகல் மிக நீண்டிருக்கும் லீகோ திருநாளுக்குள் ஒரு ஜோடியாவது பூக்க வேண்டும் என்பாள். மார்ச்சில் இறந்துபோனாள். அவள் வைத்துப்போன பதினொரு விதைகளில் இந்த ஜோடி மட்டும் பூத்திருந்தது.

இன்று லீகோ. மதியம் ஆண் பூக்கள் வெடித்தன. மஞ்சள் பொடி மூச்சுக்கே பறந்தது. கதவைத் திறந்தால் காற்றோடு போய்விடும். மறுபடி விதைக்க விதை இல்லை.

வாசலில் பாட்டு கேட்டது. பக்கத்து வீட்டு வெல்டா ஓக் இலை மாலையோடும் ஒரு கூட்டத்தோடும் வந்திருந்தாள். இன்றைக்குப் பாடி வருபவர்களுக்கு யாரும் கதவடைப்பதில்லை; சீஸும் பீரும் தருவார்கள்.

"சீஸை ஒளிச்சான் வீட்டுக்காரன், எலிக்கும் காட்டாமத் தின்னுட்டான்!" என்று ராகம் போட்டாள்.

"அக்கா, திறக்க முடியாது. மகரந்தம் பறந்துடும்."

"ஈஸ்டருக்குத் தலைவலின்னே. போன மாசம் காய்ச்சல்னே. இப்போ மகரந்தமா?"

"இது நிஜம்க்கா."

"பீரையாவது ஜன்னல் வழியா நீட்டுப்பா!" என்றான் அவள் புருஷன் ஏகோன்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல் மூடியே இருந்தது. சிரிப்பு அடங்கியது.

"சரிப்பா. மாலையைக் கைப்பிடில மாட்டிட்டுப் போறேன். ஒழுங்கா சாப்பிடு," என்றாள் வெல்டா.

மோட்ரிஸின் கை தாழ்ப்பாளில் இருந்தது. கையை எடுக்க நேரம் பிடித்தது.

இல்வாவின் தூரிகையால் பொடியைத் தொட்டுப் பெண் பூக்களில் தடவினான். அவற்றின்மேல் காகிதப் பை மாட்டினான். ஆண் செடிமேல் தண்ணீர் தெளித்தான். நனைந்த பொடி பறக்காது. பிறகு கதவைத் திறந்தான்.

மூன்று வீடு தள்ளிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வழக்கப்படி வீட்டுக்காரர் பதில் பாட வேண்டும். முதல் அடியை மெல்லப் பாடினான். அடுத்த அடி அவனுக்குத் தெரியாது. அதை எப்போதும் இல்வாதான் பாடுவாள்.