நாற்பத்தைந்தாம் நாள்

ஒப்படைப்புக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. பூங்கோதையின் பையன் பால் குடித்த வாயோடு மடியிலேயே தூங்கிப்போயிருந்தான். அவனைப் பாயில் கிடத்தக்கூட மனம் வரவில்லை. கீழே விட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் விருத்தாசலத்தில் அவள் புருஷன் தமிழ்ச்செல்வன் வேலை பார்த்த பீங்கான் பட்டறையை மூடிவிட்டார்கள். வேலை போனவர்கள் சிலர் குடியில் விழுந்தார்கள். இவன் குருவடிகள் என்ற சாமியாரின் பீடத்துக்குப் போக ஆரம்பித்தான். குடிக்காமல் இருக்கிறானே என்று அவளும் முதலில் நிம்மதிப்பட்டாள். வேப்பூர் சாலையில் பெரிய மதில் சுவருக்குள் இருந்தது அந்தப் பீடம். உள்ளேயே ஒரு பீங்கான் கொட்டகையும் உண்டு. தமிழ்ச்செல்வனுக்குச் சூளையில் வேலை, அவளுக்கு அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சீவும் வேலை, இருக்க ஓர் அறை. உள்ளே வந்த முதல் நாளே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே போக வேண்டுமானால் சீட்டு வேண்டும். சீட்டு கேட்டவர்களை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அதற்குப் பயந்தே யாரும் கேட்பதில்லை.

குருவடிகள் வகுத்த விதிகளில் பெரிய விதி, பெற்ற பாசத்தை அறுப்பது. பிறந்த நாற்பத்தைந்தாம் நாள் குழந்தையை அவர் காலடியில் வைத்துவிட வேண்டும். அதன்பிறகு அது பீடத்துப் பிள்ளை. தாய் அழக்கூடாது. அழுதால் தொண்ணூறு நாள் அவளோடு யாரும் பேச மாட்டார்கள்.

மூத்தவளை அப்படித்தான் கொடுத்தாள். தமிழினி என்று ரகசியமாகப் பேர் வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டடத்தில்தானே வளரப்போகிறது, நினைத்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தாள். சடங்கு முடிந்த அரைமணி நேரத்தில் வெள்ளை வேன் ஒன்று குழந்தையை எங்கேயோ கொண்டுபோனது. அவள் வாய்விட்டு அழுதாள். தொண்ணூறு நாளும் தமிழ்ச்செல்வன்கூட அவளோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவான். கட்டிக்கொண்ட பாலை அவள் குளியலறையில் பீய்ச்சிவிட்டாள்.

போன வருஷம் பெரிய பூசைக்கு அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். எல்லாருக்கும் மொட்டை, எல்லாருக்கும் ஒரே வெள்ளைத் துணி. பெற்றவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். தமிழ்ச்செல்வன் ஒரு பிள்ளையைக் காட்டி, "அதுதான் நம்மது" என்றான். அவளுக்கு வேறொரு பிள்ளை என்று தோன்றியது.

இப்போது மறுபடியும் நாள் நெருங்கிவிட்டது.

பதினோரு மணிக்கு ஆனந்தவல்லி அம்மாள் அறை வாசலில் வந்து நின்றார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர். பீடத்துப் பெண்கள் எல்லாரும் அவர் பொறுப்பு. குரலை உயர்த்தியே பேச மாட்டார்.

"கிராம நர்ஸ் வந்திருக்காம்மா. கொழந்தைய எடுத்துண்டு வராந்தாவுக்கு வா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்."

வராந்தாவில் திரௌபதி என்ற அந்த நர்ஸ் வெயிலில் ஸ்கூட்டரில் வந்த களைப்போடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எடை பார்க்கும் தராசை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நாப்பத்திரண்டு நாளு ஆவுதா? பால் நல்லா குடிக்கிறானா?"

குடிக்கிறான் என்று சொல்லத்தான் பூங்கோதை வாயைத் திறந்தாள். ஆனந்தவல்லி அம்மாளின் கை அவள் தோளில் இருந்தது.

"குடிக்கவே மாட்டேங்குறான் சிஸ்டர்."

தோளில் இருந்த விரல்கள் அழுந்தின. திரௌபதி பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். உதட்டோரம் பால் இன்னும் காயவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. துணித் தூளியில் பிள்ளையை வைத்துத் தராசில் தொங்கவிட்டார். முள் நாலரைக் கிலோவைத் தாண்டி நின்றது. அது பூங்கோதைக்கும் நர்ஸுக்கும்தான் தெரிந்தது. ஆனந்தவல்லி அம்மாள் நின்ற பக்கம் தராசின் முதுகு.

திரௌபதி ஒரு கணம் பூங்கோதையின் கண்ணைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பிரித்தார்.

"ரெண்டே முக்கா. பொறந்தப்ப மூணு இருந்தவன். இது நல்லதுக்கில்லீங்க. இப்பவே ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போவணும்."

"எங்க வைத்தியரே பார்த்துப்பார்" என்றார் ஆனந்தவல்லி அம்மாள்.

"பாக்கட்டுங்க. ஆனா நான் எழுதிட்டேன். நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா கலெக்டர் ஆபீஸ்லேருந்து விசாரணைக்கு வருவாங்க. என்னையும் கேப்பாங்க, உங்களையும் கேப்பாங்க. உள்ள வந்து எல்லாத்தையும் பாப்பாங்க."

உள்ளே வந்து என்ற சொல்லில்தான் ஆனந்தவல்லி அம்மாள் யோசித்தார். தமிழ்ச்செல்வனைக் கூப்பிட்டுக் கையில் ஒரு போனைக் கொடுத்து, ஊசி போட்டதும் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி, பீடத்து வேனிலேயே அனுப்பினார். வேன் கேட்டைத் தாண்டியபோது பூங்கோதைக்குச் சந்தோஷம் வரவில்லை. பொய் சொன்னது தெரிந்தால் என்ன செய்வார்கள் என்பது ஒன்றே மண்டைக்குள் சுற்றியது. பக்கத்தில் தமிழ்ச்செல்வன் பிள்ளையின் பாதத்தைப் பார்த்தபடி வந்தான்.

ஆஸ்பத்திரியில் திரௌபதி முன்னாலேயே வந்து காத்திருந்தார். தாய்மார் பால் கொடுக்கும் அறைக்குள் அவளை மட்டும் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"இப்ப சொல்லும்மா. ஏன் பொய் சொன்ன?"

பூங்கோதை சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"இங்க யாரும் இல்ல கண்ணு. நானும் புள்ளைய வச்சுப் பொய்தான் எழுதியிருக்கேன். எனக்கும் வேல போவும். சொல்லு."

"வர்ற சனிக்கிழம இவனக் கேப்பாங்க. மூத்தவள ஏற்கெனவே எடுத்துக்கிட்டாங்க. எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல சிஸ்டர்."

அதைச் சொன்னதும் மிச்சமும் வந்துவிட்டது. தொண்ணூறு நாள், மொட்டைத் தலைகள், பிள்ளைகளைத் தருவதாக ஸ்டாம்ப் பேப்பரில் வாங்கிய கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னாள். திரௌபதி கேட்டுக்கொண்டே குழந்தைகள் உதவி எண்ணான பத்து ஒன்பது எட்டுக்குப் போன் போட்டார். கடலூரிலிருந்து ஆட்கள் கிளம்பி வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தமிழ்ச்செல்வன்.

"ஊசி போட்டாச்சா? போலாம் வா."

"நான் வரலங்க."

அவன் புரியாதவன்போல நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கோம் பூங்கோத. வாக்கு மீறுனா கொலமே அழிஞ்சிடும்னு சொல்லியிருக்காங்க."

"நம்ம பொண்ணு எதுன்னு அன்னிக்கு நீங்க ஒண்ண காட்டுனீங்க, நான் ஒண்ண நெனச்சேன். இதுக்கு மேல அழிய என்னங்க இருக்குது?"

அவன் பிள்ளைக்காக இரண்டு கையையும் நீட்டினான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். திரௌபதி எழுந்து நடுவில் வந்து நின்றார். அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. தன்னைப் போலவே அவனும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆள் கூட்டிவரத்தான் போகிறான் என்று நினைத்தாள். அதன்பிறகு நான்கு மணி நேரம் வராந்தாவில் ஆணின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளையை முந்தானைக்குள் மூடினாள். பிரசவ வார்டின் கடைசிக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, திரௌபதி தன் வேலையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பீடத்திலிருந்து யாரும் வரவில்லை; சாயங்காலம் கடலூர் ஆட்கள்தான் வந்தார்கள். தமிழ்ச்செல்வன் பீடத்துக்குப் போய், டாக்டர் இரண்டு நாள் அட்மிட் செய்துவிட்டார் என்று ஆனந்தவல்லி அம்மாளிடம் சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் இருக்கும் இடத்தை வழியிலேயே வேன் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டும் இருக்கிறான். இது அவளுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

மூன்றாம் நாள், நாற்பத்தைந்தாம் நாளன்று, குழந்தைகள் நலக் குழுவும் போலீசும் பீடத்துக்குள் போனார்கள். தாய்மார் எல்லாரும் வரிசையாக நின்று கைகூப்பி, விருப்பப்பட்டுத்தான் கொடுத்தோம் என்றார்கள். அவர்களில் பிரசவமாகி எட்டே நாளான ஒருத்தியும் இருந்தாள். அவளும் அதையே சொன்னாள். தமிழ்ச்செல்வன் ஒருவன்தான் முன்னால் வந்து, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் தோப்புக்குள் ஒரு கட்டடம் இருப்பதாகச் சொன்னான். அங்கே முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தன. எந்தப் பிள்ளை யாருடையது என்று எழுதிவைத்த தாள் ஒன்றுகூட இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஐந்து வாரம் ஆனது. அதிகாரி கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திய பெண் பிள்ளை, தமிழ்ச்செல்வன் காட்டியவளும் இல்லை, பூங்கோதை நினைத்தவளும் இல்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

இப்போது பூங்கோதை சேத்தியாத்தோப்பில் அண்ணன் மாணிக்கவேல் வீட்டில் இருக்கிறாள். ஆனந்தவல்லி அம்மாள் சிறையில் இருக்கிறார். குருவடிகள் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. பீடத்துக் கேட் இன்னும் திறந்துதான் இருக்கிறது, உள்ளே ஆட்களும் இருக்கிறார்கள். சாட்சி சொல்ல வேண்டாம் என்று இரண்டு தடவை பீடத்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். "வந்தா நான் பேசிக்கிறேன், நீ வெளிய வராத" என்கிறார் அண்ணன். தமிழ்ச்செல்வன் விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறி வருகிறான். அவனை என்ன செய்வது என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. உட்காரச் சொல்கிறாள், டீ கொடுக்கிறாள்.

தமிழினி தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்கிறாள். தம்பி அழுதால் ஓடிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். நேற்று மத்தியானம் கொல்லைப் படியில் இடறி விழுந்து முட்டியில் தோல் உரிந்தது. சத்தமே வரவில்லை. பூங்கோதை ஓடிப்போய்ப் பார்த்தபோது, ரத்தம் வழிய, அந்தப் பிள்ளை தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"வலிச்சா அழுவலாம் தங்கம்" என்று அந்தக் கையை விலக்கினாள். பிள்ளை மிரண்டு அவள் முகத்தையே பார்த்தது.

"நீங்க போவச் சொல்லிடுவீங்களா?"

"மாட்டேன்" என்றாள் பூங்கோதை. பிள்ளை அதை நம்பியதாகத் தெரியவில்லை. படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்து முட்டியில் தடவிவிட்டாள். தெருவில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள்.