பத்து நிமிடம்

பழைய டீசல் காரின் ஏர் ஃபில்டர் எண்ணெயில் ஊறியிருந்தது. "செத்த எஞ்சினை என் தலையில கட்டிட்டார்" என்று, காரை விற்ற தம்பிராஜாவைப் பற்றி பிளெய்ன்ஸ்பரோ ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான் மகாதேவன். அவர் பஜனைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

மெக்கானிக் எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். எஞ்சினில் எண்ணெய் மிக அதிகம். மிஞ்சியதுதான் ஃபில்டருக்கு ஏறியிருந்தது. ஊற்றியவன் மகாதேவன்தான். வாராவாரம் எஞ்சினை நிறுத்திய கையோடு பார்ப்பான். எண்ணெய் கீழே வடியுமுன் அளவு குறைவாகத் தெரியும், உடனே ஊற்றுவான்.

தொலைபேசியில் தம்பிராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். "என்னை மன்னிச்சிடுங்க அங்கிள்."

"பத்து நிமிசம் பொறுத்துப் பாக்கோணுமெண்டு நான்தான் சொல்லாமல் விட்டிட்டன், தம்பி. இப்ப கார் நல்லா ஓடுதோ?"

சாவி கொடுத்த அன்று அவர் அதை இரண்டு முறை சொல்லியிருந்தார். மகாதேவனுக்கு நன்றாக நினைவிருந்தது.