போட்னர் என்ன பதில் சொன்னான்?

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் போட்னர்தான். அதனாலேயே பாதியைத்தான் நம்புகிறேன். கனடாவில், தண்டர் பே என்ற ஊரில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். வாசலில் பனி வாரும்போது பேச்சுக் கொடுப்பான். ஒருகாலத்தில் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடியவன். ஆடியவன் என்பதைவிட அடித்தவன் என்றால் பொருந்தும். அணியில் கோல் போடுகிறவன் எமில் திபோடோ. எமில்மேல் எவனாவது வந்து மோதினால், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனோடு குத்துச்சண்டைக்கு நிற்பது போட்னரின் வேலை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘போட்னரும் எமிலும் உயிர் நண்பர்கள். எமிலுக்காக அவன்…’

எழுதியதை அடித்துவிட்டேன். பொய்.

ஒருநாள் பயிற்சியாளர் ரூர்க்கின் அறையிலிருந்து எமில் வெளியே வந்தான். போட்னரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த ஆட்டத்தில் போட்னரைப் பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். உடை மாற்றும்போது கோல் காவலன் சில்வெஸ்டர் காதைக் கடித்தான்.

“எமில்தான்டா போட்டுக்குடுத்துட்டான். குத்துறவன் எதுக்கு, ஒழுங்கா சறுக்கத் தெரிஞ்சவனா குடுங்கன்னு கேட்டானாம்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

(எல்லாரும் என்றால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம் என்றேன். போட்னர் ஒரு வாரல் பனியை என் வாசல் பக்கம் தள்ளிவிட்டான்.)

3

அதற்கடுத்த ஆட்டத்தில் போட்னரை மறுபடி இறக்கினார்கள். எதிரணியில் க்ரெல் என்று ஒரு மலை. எமில் குனிந்தபடி, ஓரச் சுவரை ஒட்டி, பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு போகிறான். க்ரெல் குறிவைத்து வருகிறான். போட்னர் எட்டும் தூரத்தில்தான் இருந்தான். ‘தலையத் தூக்குடா’ என்று ஒரு கத்தல் போதும்.

கத்தவில்லை.

[“கோச் வெளிய கூப்பிடறாரான்னு பெஞ்சப் பாத்துட்டிருந்தேன்” என்றான். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதியிருக்கிறேன்.]

எமில் சுவரில் மோதி விழுந்தான். தோள் நொறுங்கி, கை துணிபோலத் தொங்கியது. அதன்பிறகுதான் போட்னர் பாய்ந்தான். நடுவர்கள் பிய்த்தெடுக்கும்வரை க்ரெலை விடவில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவ்வளவு கோபம் யார்மேல் என்று நான் கேட்டதும் போட்னர் மறுபடி பனி வாரத் தொடங்கினான்.

4

எங்கள் ஊர் இனிப்பான பெர்சியன் ரொட்டி வாங்கிக்கொண்டு போட்னர் மருத்துவமனைக்குப் போனான்.

“கோச்கிட்ட உன்னப் பத்திப் பேசினேன், தெரியுமா?” என்றான் எமில்.

“தெரியும்.”

“என்ன தெரியும்? என்கூட முன்வரிசையில ஆட விடுங்கன்னு கேட்டேன். உனக்கு ஆடத் தெரியும்டா. யாரும் வட்டைக் குடுத்ததில்ல, அவ்வளவுதான்.”

இவனையா சந்தேகித்தோம் என்று போட்னருக்கு ஒரு நினைப்பு. உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. படுத்துக்கொண்டே என்னைக் குத்துகிறானோ?

“இப்ப நீ சொல்லு” என்றான் எமில். “க்ரெல் வர்றத பாத்தியா, இல்லையா?”

5

முடிவு அ: “பாக்கல.” எமில் நம்புகிறான்.

முடிவு ஆ: “பாத்தேன்.” எமில் ரொட்டிப் பெட்டியைத் திருப்பித் தள்ளு…

வேண்டாம். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லிவிட்டாள் என்கிறான் போட்னர். கதைகளில் நர்ஸ்கள் எப்போதும் இப்படித்தான் வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்தது இது மட்டும்தான். எமில் பிறகு ஆடவே இல்லை. மிச்சப் பருவம் முழுக்க அந்த முன்வரிசை இடத்தில் போட்னர் ஆடினான், கோலும் போட்டான். எமில் கேட்டதாலா, எமில் இல்லாததாலா? ரூர்க் சொன்னதில்லை.

என் கதையில் எமில் இன்னும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போட்னரின் வாயில் ஒரு சொல்லை வைக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் வையுங்கள். வைத்த பிறகு, அதை நீங்களே நம்புகிறீர்களா என்று பாருங்கள்.