முள் காட்டிய கள்ளன்

மொறிஸ் யாரையும் நம்பமாட்டார். அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. பஸ் டிப்போவில் டிக்கட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவன், பழைய டிக்கட்டை விரலிடுக்கில் மடித்து வைத்திருக்கிறவன், மீசை அரும்பிய பிள்ளைக்கு அரை டிக்கட் கேட்கிற தாய் என்று எல்லா வகையினரையும் கையும் களவுமாகப் பிடித்தவர். ஓய்வு பெற்றபின் பிடிப்பதற்கு ஆள் கிடைக்காததுதான் அவருடைய ஒரே மனக்குறை. அந்தக் குறையை அவருடைய காரில் பெற்றோல் அளவு காட்டும் முள் தீர்த்து வைத்தது.

ஒஸ்ரேலியாவுக்குக் குடிபெயர்ந்த மாமா ஒருவர் விட்டுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேல்கூரையைச் சுருட்டிப் பின்னால் தள்ளிவிடலாம். அவர்கள் குடியிருந்த டச்பார் பக்கத்தில் அப்படி ஒரு கார் வேறு கிடையாது. மொறிஸ் அதை ஞாயிறு பூசைக்கு மட்டும்தான் எடுப்பார். ஆனால் பெற்றோலுக்கு ஊரே வரிசையில் படுத்துக் கிடந்த அந்தப் பொல்லாத வருடத்துக்குப் பிறகு, ஓடாத நாளிலும் சாவியைத் திருப்பி முள்ளைப் பார்க்காவிட்டால் அவருக்குத் தேநீர் இறங்காது.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்திருந்தார். தை பிறந்ததும் முள் ஆட்டம் காட்டத் தொடங்கியது. காலையில் அரைவாசியில் நிற்கும். மாலையில் அடியில் படுத்துவிடும். அடுத்த நாள் பார்த்தால் கொஞ்சம் எழும்பி நிற்கும்.

"ஆரோ பெற்றோல் களவெடுக்கிறான்" என்றார் மனைவி மவுறீனிடம்.

"எடுத்தா முள் இறங்கத்தானே வேணும்? இது ஏறவும் செய்யுதே. கள்ளன் திரும்பவும் கொண்டுவந்து ஊத்திறானாக்கும்!"

"அதுதான் கெட்டிக்காரக் கள்ளன். கொஞ்சம் ஊத்தி எங்கட கண்ணக் கட்டுறான்."

மவுறீன் தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

கள்ளன் யார் என்பதிலும் மொறிஸுக்கு அதிக நேரம் குழப்பம் இருக்கவில்லை. மகள் றொஷெலுக்கு நிச்சயித்திருந்த ட்றெவர்தான். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கலியாணம் என்று பேச்சு. ட்றெவர் முகத்துவாரத்தில் வாவிக்கரையோரம் கொட்டில் போட்டுப் படகு இயந்திரங்கள் திருத்துகிறவன். நல்ல பிள்ளை என்று ஊர் சொன்னது. ஊர் சொன்ன நல்ல பிள்ளைகள் பலரை மொறிஸ் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார். அவன் கையில் எப்போதும் பெற்றோல் மணம் வேறு. வரும்போதெல்லாம் காரைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக் கொடுப்பான். மாமனாரைக் குளிரவைக்கத் துடைக்கிறானா, தாங்கியைக் குறிபார்க்கத் துடைக்கிறானா?

பெற்றோல் மூடியின் குறுக்கே மெல்லிய வெள்ளை நூலைப் பசையால் ஒட்டி வைத்தார். ட்றெவர் வந்துபோன பின் பார்த்தால் நூல் அறுந்திருந்தது. திரும்பவும் ஒட்டினார். திரும்பவும் அறுந்தது. மொறிஸுக்குக் கோபம் வந்தது. ஆள் கிடைத்துவிட்டான் என்ற திருப்தி அதைவிடப் பெரிதாக இருந்தது. இனிப் பெற்றோல் அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அடித்தால் கள்ளனுக்குத்தானே! அப்படியும் ஒவ்வொரு ஞாயிறும் கார் கோயிலுக்குப் போய்த் திரும்பியது. அது அந்தோனியாரின் புண்ணியம் என்று எண்ணிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. காரை வீட்டில் விட்டு, ஆட்டோ பிடித்துப் பூசைக்குப் போனார்கள். பிரசங்கத்தின் நடுவில் மொறிஸ் இருமிக்கொண்டே எழுந்து தனியாக வீடு திரும்பினார். நினைத்தது சரி. காரின் பின்பக்கம் ட்றெவர் நின்றான். ஒரு கையில் பெற்றோல் கான், மறு கையில் புனல். தாங்கியின் மூடி திறந்து கிடந்தது.

"பிடிச்சிட்டன்டா!" என்றார் மொறிஸ். பல வருடங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்ல வாய்த்தது. "பொண்ணு எடுக்க வந்தியா, பெற்றோல் எடுக்க வந்தியா?"

ட்றெவர் கானைக் கீழே வைத்தான். "நான் எடுக்கல்ல, அங்கிள்" என்றான். திருட்டுப் பயணிகளும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

பூசை முடிந்து வந்த றொஷெல் தகப்பன் சொன்னதை நின்றபடியே கேட்டாள். வாசல் படலையடியில் காத்திருந்த ட்றெவரிடம் போய், ஒரு கேள்வியும் கேட்காமல் மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். 'என் பிள்ளை' என்று மொறிஸுக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் ட்றெவர் வீட்டுப் பக்கம் வராமல் போன பிறகும் முள் படுத்துத்தான் கிடந்தது. மொறிஸ் பக்கத்து வீட்டாரைச் சந்தேகித்தார். பால்காரனைச் சந்தேகித்தார். றொஷெல் ஒரு நாள் காருக்குள் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வந்து, "டடா, கார ஏறாவூருக்குக் கொண்டு போவம். ஹலீம் நானா பார்க்கட்டும். நானும் வாறன்" என்றாள்.

ஹலீம் கட்டாரில் அரபிமாரின் கார்களைத் திருத்திவிட்டு வந்து கராஜ் போட்டவர். கை ஓடுகிறதோ இல்லையோ, வாய் ஓடும். மொறிஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஹலீமின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசைப் பூட்டுகிற கராஜ்காரர்களைப் பற்றி அவர் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"மீற்றர்தான் பழுது" என்று அடித்துச் சொன்னார் ஹலீம். கழற்றிச் சோதித்தார், மீற்றரில் பழுதில்லை. "அப்ப டாஷ்போர்டுக்குப் பின்னால கரண்ட மட்டுப்படுத்திற பொட்டிதான், கண்ண மூடிட்டுச் சொல்லுவன்" என்றார். வேறு பெட்டி போட்டுப் பார்த்தார், முள் அசையவில்லை. மொறிஸ் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். ஹலீம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினார். உள்ளே தாங்கி வெள்ளி நிறத்தில் பளபளத்தது.

"இதுக்கு ஆரு பெயின்ட் அடிச்ச?"

"நான்தான். நத்தாருக்கு."

மொறிஸுடையதைப் போன்ற பறங்கிக் குடும்பங்களில் நத்தாருக்கு வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தாக வேண்டும். மிஞ்சுகிற பெயின்ட்டை யாரும் வீணாக்குவதில்லை. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் எதுவும் தப்பாது. படலை, கிணற்றுக் கப்பி, தையல் மெஷின் கால் எல்லாவற்றுக்கும் அடித்த பிறகும் இந்த முறை தகரத்தில் கொஞ்சம் கிடந்தது. மொறிஸ் தாங்கிக்கு மேல் இருந்த வயரைக் கழற்றி, இரண்டு பூச்சு அழகாக அடித்து, காய்ந்ததும் வயரைத் திரும்பவும் பூட்டியிருந்தார்.

"அது எர்த் வயர், மொறிஸ் ஐயா. அடியில இரும்பு தெரியணும். நீங்க பெயின்ட்டுக்கு மேல பூட்டியிருக்கீங்க. கதவச் சாத்தக்குள்ள கார் ஆடி வயர் பட்டா முள் எழும்பும், படாட்டிப் படுத்திரும்."

ஹலீம் பிளேட்டால் பெயின்ட்டைச் சுரண்டி, வயரை இறுக்கிப் பூட்டினார். றொஷெல் சாவியைத் திருப்பினாள். முள் மெதுவாக எழுந்து அரையைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, உச்சியில் போய் நின்றது.

"இதுவும் பொய்" என்றார் மொறிஸ். "நத்தாருக்குப் பிறகு நான் ஒரு சொட்டும் அடிக்கல்ல. எப்படி நிறையும்?"

ஹலீம் சுத்தமான குச்சி ஒன்றைத் தாங்கிக்குள் விட்டு எடுத்தார். தாங்கியின் கழுத்து உயரம்வரை நனைந்திருந்தது. மொறிஸ் குச்சியை வாங்கி மணந்தும் பார்த்தார். பெற்றோல்தான்.

"டடா, அண்டைக்கு அவன்ட கையில என்ன இருந்த?" றொஷெல் காரை விட்டு இறங்காமலே கேட்டாள்.

"நான்தான் சொன்னேனே. கான். மறுகா புனல்..."

"எடுக்கிறவனுக்குப் புனல் என்னத்துக்கு?"

மொறிஸ் கையிலிருந்த குச்சியைத் திரும்பவும் பார்த்தார். ஹலீம் கையைத் துடைத்துக்கொண்டு டிக்கியை மூடினார்.

ஏறாவூரிலிருந்து மொறிஸ் காரை நேரே முகத்துவாரத்துக்கு விட்டார். ட்றெவர் கொட்டிலில் ஒரு படகு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். இருவரையும் கண்டதும் எழுந்து நின்றான்.

"ஏன்டா மகன் சொல்லல்ல?" என்றார் மொறிஸ்.

ட்றெவர் எண்ணெய்க் கையைப் பார்த்தபடி சொன்னான். "கார் துடைக்கக்குள்ள சாவியத் திருப்பிப் பார்த்தன். முள் அடியில கிடந்த. நீங்க பெற்றோல் போட மறக்கிறீங்க எண்டு நெனச்சன், அங்கிள். என்ட பப்பாவுக்கும் மறதி அப்பிடித்தான் தொடங்கின. சொன்னா வெக்கப்படுவீங்க. கோயிலுக்குப் போகக்குள்ள கல்லடிப் பாலத்துக்கு நடுவில நிண்டுட்டீங்கண்டா என்ன செய்யிற? அதுதான் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தின."

இருவரும் பார்த்தது ஒரே முள்ளைத்தான். அவர் அதில் ஒரு கள்ளனைக் கண்டார். அவன் ஒரு தகப்பனைக் கண்டான். மொறிஸுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"என்ன மன்னிச்சிரு மகன்."

"உங்களோட எனக்குக் கோவமில்ல. நீங்க பாதிரியாரிட்டையும் டிக்கட் கேக்கிற ஆள்." ட்றெவர் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. றொஷெலின் பக்கம் திரும்பினான். "நீ என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

றொஷெல் வெறுமையான மோதிர விரலைத் தடவினாள். அவள் முகத்தைப் பார்த்த மொறிஸுக்குத் தன் வீட்டில் தானே வளர்த்தது சந்தேகத்தைத்தான் என்று விளங்கியது. ட்றெவர் குந்தியிருந்து மறுபடியும் வேலையில் கைவைத்தான்.

"வா மகள், போவம்" என்றார் மொறிஸ் மெதுவாக.

"நீங்க போங்க, டடா. இவர் என்னை ஏசி முடிக்குமட்டும் நான் இஞ்சதான் இருப்பன்."

கவிழ்த்து வைத்திருந்த தோணியின் மேல் அவள் உட்கார்ந்துகொண்டாள். ட்றெவர் ஏசவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நிமிராமல் ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மொறிஸ் காரை எடுத்தார். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. வாவியோரம் வளைகிற இடத்தில், பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணாடியில் பார்க்க ஆசை பிடுங்கித் தின்றது. அவர் கையை நீட்டிக் கண்ணாடியை வானத்துக்குத் திருப்பிவிட்டு, வீட்டுக்குப் போனார்.