பைக்குள் வந்த மண்

நாற்றுக் கொட்டகையில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த பெண்களுக்கு அன்று வாய் ஓயவில்லை. டிராக்டர் கொட்டிவிட்டுப் போன மண் கைக்குள் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்புழுகூட நெளிந்தது.

"போன வாரம் வந்ததும் மண்ணுதானா? அதுல வீடே கட்டியிருக்கலாம்," என்றாள் ஒல்லி. ஆள் நல்ல பருமன்; பெயர் வைத்தவர்களுக்குக் குசும்பு அதிகம்.

கம்பெனியின் மரத்தோட்டத்தில் மண் செத்து வெகுகாலமாகிறது. மரத்தடியில் உதிரும் இலையை ஒரு சருகு விடாமல் வாரிக் கொளுத்தச் சொல்வார்கள். புல் தலைகாட்டினால் மருந்தடிப்பார்கள். வெட்டிய மரத்தை இழுக்கும் வண்டிகள் ஏறி ஏறி நிலம் இறுகிப்போயிருந்தது. அந்த மண்ணில் வைத்த நாற்றெல்லாம் கருகி, மேஸ்திரி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த லோடோடு டிராக்டர் வந்தது. டிரைவர் வேலைக்குப் புதுசு.

"எங்கேருந்து தம்பி அள்ளினே? தங்கமா இருக்கே," என்று கேட்டாள் ஒல்லியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூலைவீட்டுக்காரி.

"ஓடைக்கு அந்தப் பக்கம்க்கா. மேஸ்திரிதான் காட்டினாரு. அங்க மட்டும் யாரும் இலை வாரறதில்லையாமே."

அவள் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறந்ததும் கண்மூடிய பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். அவளுடைய மகளையும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அங்கேதான் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கொட்டகை வாசலில் நின்ற மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மேல்மண்ணைத்தாம்மா எடுத்தது. அங்க ஒரு கல்லு உண்டா, பேரு உண்டா? கம்பெனி நிலம்."

"கல்லு வைக்கக் கேட்டோமுங்க. கூடாதுன்னுட்டாங்க," என்றாள் அவள்.

ஒல்லி அவளுடைய பைக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எழுந்து போடி. உன்னோடதையும் நான் நிரப்பறேன். யார் கேக்கறாங்கன்னு பாக்கறேன்."

டிரைவரிடம் ஒருத்தி மெல்ல விஷயத்தைச் சொன்னாள். அவன் வண்டியைத் திருப்பினான். "இந்த லோடை இன்னும் கொட்டலக்கா. ஏறுங்க."

அவள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் நிலம் பூசிவிட்ட தரைபோல் மட்டமாகக் கிடந்தது. அதில் மண் வாரும் இயந்திரத்தின் பல் தடங்கள் மட்டும். அவள் அடையாளம் வைத்திருந்த வளைந்த மரம், மற்ற மரங்களோடு ஓரத்தில் வேர் மேலாகக் குவிந்து கிடந்தது. அது எங்கே நின்றது என்பதற்குக் குழிகூட இல்லை.

டிரைவர் தலை குனிந்துகொண்டான். "எங்கிட்ட யாரும் சொல்லலக்கா. அள்ளினதை எல்லாம் திருப்பிக் கொண்டார முடியாது. இதையாவது பாப்பா மேல போட்டுடறேன். எந்த இடம்னு மட்டும் காட்டுங்க."

அவள் நடந்துபோய் ஓரிடத்தில் நின்றாள். ஓடையைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் வந்தாள். பிறகு கொஞ்சம் தள்ளிப்போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையை உள்ளங்கையால் தடவினாள். அங்கிருந்தும் எழுந்தாள்.

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு அவள் கை நீட்டுவதற்காகக் காத்து நின்றான்.