விடாமல் வைத்திருந்த ஒன்று

அந்தக் கறையை நான் முதலில் பார்த்தது திங்கட்கிழமையா வியாழக்கிழமையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லோரிடமும் வியாழன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் கண்ணை மூடினால், கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போட்டுவிட்டுப் போன காகிதத் தட்டுகளை இரண்டு பெண்கள் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது திங்கட்கிழமையில்தான் நடக்கும். வேறொரு வாரத்துக் குப்பையை இந்த வாரத்தோடு சேர்த்துவிட்டேனோ என்னவோ.

லூயிஸ் மாமா என் அக்கா ஸ்டெல்லாமேரியின் கணவர். மின்துறையில் வேலை. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. நெல்லித்தோப்பில் அவர்கள் வீட்டு மாடியறையில் நான் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புத்தகங்கள் இருந்தன, அவை போதும் என்று அப்போது நினைத்தேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து மாமா நாற்பது நாள் விரதத்தைச் சொன்னார். கறி இல்லை. பிராந்தி இல்லை. பகலில் ஒருவேளைச் சாப்பாடு, ராத்திரிக்குக் கேழ்வரகுக் கஞ்சி. விடியற்காலையில் கடற்கரையில் ஒரு மணிநேர நடை, காலில் செருப்பில்லாமல். நடக்கும்போது பேச்சும் கிடையாது.

"நீயும் வா ஆந்தனி. பேசாம இருக்கறதுக்கு ஒன்ன விட்டா ஆள் ஏது?" என்றார்.

போனேன். செருப்பை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு அவர் ஜெபமாலையோடு முன்னால் நடப்பார். நான் பத்தடி பின்னால். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான நாற்பது நாட்கள் இருந்ததில்லை. அவருக்கும் உடம்பு இறங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். சர்க்கரை குறைந்திருப்பதைப் பார்த்த டாக்டர், இதையே தொடருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தச் சீட்டை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

பெரிய வெள்ளி அன்று உச்சி வெயிலில் சிலுவைப்பாதை. பதினான்கு தலங்களில் நின்று ஜெபித்தபடி தெருத்தெருவாக ஊர்வலம் போனது. தார் இளகிக் கிடந்தது. வெறுங்காலோடு வந்தவர்கள் ஒவ்வொரு தலத்திலும் முழந்தாள் போட்டு எழுந்ததும் சுவரோர நிழலுக்கு ஓடினார்கள். மாமா மட்டும் நடு ரோட்டிலேயே நடந்தார்.

"சுடலையா மாமா?"

"இல்லடா. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு."

பக்கத்தில் வந்த சுலோசனா டீச்சர் காதில் இது விழுந்தது. எங்கள் தெருக்காரர், கிறிஸ்தவர் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். அவரே கையெடுத்துக் கும்பிட்டார். "மாதா கிருபைங்க" என்றார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது பரவியது. அக்கா அழுதாள், சந்தோஷத்தில்.

எனக்கு மட்டும் அது கிருபையாகப் படவில்லை. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்து நரம்பு செத்துப்போகும், பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கும் என்று படித்திருந்தேன். இதே வார்த்தை. பக்கம்கூட நினைவிருந்தது. அன்று அதைச் சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள்.

ஈஸ்டர் அன்று வீட்டில் மட்டன் பிரியாணி. மாமா பாட்டிலைத் திறந்தார். திங்களும் திறந்தார். செவ்வாய்க்கிழமை அக்கா கஞ்சிப் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"நாப்பது நாள் முடிஞ்சிடுச்சி ஸ்டெல்லா. ஆண்டவரே எழுந்துட்டாரு. நான் இன்னும் கஞ்சி குடிக்கணுமா?"

"டாக்டர் தொடரச் சொன்னாரு இல்ல?"

"ஒண்ண மட்டும் தொடருறேன். நடை. வெறுங்கால் நடை. போதுமா?"

"அத வுட்டுட்டு கஞ்சியத் தொடருங்களேன்."

"மாதா குடுத்தத விடச் சொல்றியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன்டா."

"செருப்புப் போட்டா நல்லது மாமா. சர்க்கரைக்காரங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வந்துட்டாரு பொஸ்தக டாக்டர்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோயில் கொடியேற்றம். மாமா வெறுங்காலோடு நடந்தே போனார், நடந்தே வந்தார். வழியெல்லாம் சாராயக்கடைகள், ஓரமெல்லாம் உடைந்த பாட்டில். ராத்திரி காலை நீட்டிப் பிராந்தி குடித்தபோது, "ஒரு வலி இல்ல, பாரு" என்று பாதத்தைத் தட்டிக் காட்டினார். விளக்கு அவருக்குப் பின்னால் இருந்தது. பாதத்தின் அடிப்பக்கம் தெரியவில்லை.

பிறகு அந்தக் காலை. திங்களோ வியாழனோ. முன்னால் அவர் நடந்துகொண்டிருந்தார். அவர் வலது கால் வைத்து எடுத்த இடத்தில் ஈரமாக ஒரு வட்டம் இருந்தது. ரூபாய் நாணயம் அளவு. அடுத்த எட்டில் இன்னொன்று. கடல் தண்ணீராக இருக்கலாம் என்று நினைத்தேன். கடல் தண்ணீர் அந்த நிறத்தில் இருக்காது. நடக்கும்போது பேசக்கூடாது என்ற விதி தவக்காலத்தோடு முடிந்திருந்தது. ஆனாலும் நாங்கள் பேசுவதில்லை, அந்த அமைதியை உடைக்க எனக்கு மனமில்லை. திரும்பி வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது வட்டங்கள் காய்ந்துவிட்டிருந்தன.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வீடு துடைக்கும்போது, குளியலறையிலிருந்து கட்டில் வரை மொசைக்கில் பழுப்புத் தடம் இருந்தது. மாமா காய்ச்சலில் படுத்திருந்தார். அக்கா போர்வையை விலக்கியதும் வந்த நாற்றம் மாடிப்படி வரை வந்தது.

அன்றிரவே ஆஸ்பத்திரியில் கட்டைவிரலுக்குக் கீழேயிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்தார்கள். விரல்நகம் அளவு இருந்தது. அங்கிருந்து கணுக்கால் வரை பாதம் அழுகிக் கருத்திருந்தது.

"மூணு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்" என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் அக்கா என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"தெனமும் பின்னாடிதானே நடந்தே?"

"ஆமா."

"எப்ப பாத்தே?"

"இன்னிக்குத்தான்க்கா."

அவள் விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். பிறகு எண்ணுவதை நிறுத்திக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

லூயிஸ் மாமாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது செயற்கைக்காலில் வாசல் வரை நடக்கிறார். ராத்திரிக்குக் கஞ்சிதான், பிராந்தியைத் தொடுவதில்லை, தவக்காலத்துக்காகக் காத்திருப்பதும் இல்லை. அக்கா தினமும் படுக்கும்முன் அவருடைய இடது பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறாள். சுலோசனா டீச்சர் வீடு மாறி அரியாங்குப்பம் போய்விட்டார். நான் குருசுக்குப்பத்தில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். ஈஸ்டருக்கு மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். காலையில் நடப்பதில்லை.