உள்ளங்கை வாசம்

கேனின் மூடியைத் திருகித் திறந்ததும் ஹாலின் கடைசியில் அயர்ன் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். யாரையோ விரட்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் மோகன்ராஜ் பாதிப் பேச்சில் நின்று, மூக்கை உறிஞ்சினார்.

ஃபினிஷிங் ஹாலுக்கு என்று ஒரு நாற்றம் உண்டு. சூடேறிய துணி, ஸ்டீம், மெஷின் ஆயில், வியர்வை, பக்கத்துக் கழிப்பறையில் கொட்டிய ப்ளீச்சிங் பவுடர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாகஜோதிக்குப் பழகிப்போன நாற்றம். அதெல்லாம் இப்போது சுருட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது. வந்த வாசம் துளசி இல்லை, மரிக்கொழுந்து இல்லை. மழை நின்ற பிறகு காட்டில் நடப்பதுபோல மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கியது. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்தவள் அவள். இப்படி ஒரு பூ எந்த மண்ணில் பூக்கும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"லாவண்டருங்க்கா," என்றாள் தேவிப்பிரியா. உடுமலைப் பக்கத்துப் பெண், படிப்பு முடித்து குவாலிட்டி செக்கிங்குக்கு வந்தவள். "ஆர்டர் குடுத்தவங்க ஊர்ல காலங்காலமா இந்தப் பூவைக் காய வெச்சுத் தலகாணிக்குள்ள போடுவாங்களாம். நல்லாத் தூக்கம் வருமாம்."

"நாம பானைத் தண்ணியில வெட்டிவேர் போடற மாதிரி," என்றாள் அயர்ன் டேபிளில் இருந்த சித்ரகலா. "சளி புடிச்சா யூக்கலிப்டஸ் எண்ணெய்ல ஆவி புடிக்கற மாதிரி."

"அதேதானுங்க. இது குழந்தைங்க ராத்திரிக்குப் போடற பனியனுக்கு."

நாகஜோதி எட்டிப் பார்த்தாள். கேனுக்குள் எண்ணெய் மாதிரி எதுவும் இல்லை. வெள்ளை வெளேரென்று பால்தான் இருந்தது.

"இதுல எண்ணெய் எங்க இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாத முத்துங்க்கா. ஒவ்வொரு முத்துக்குள்ளயும் எண்ணெய். துணியில போய் ஒட்டிக்கும். மாசக்கணக்கானாலும் சும்மாதான் கெடக்கும். தொட்டுத் தேச்சா உடைஞ்சு வாசம் வரும்."

"அப்போ இப்ப அடிக்கிற வாசம்?"

"வழியில உடைஞ்ச கொஞ்சங்க்கா. மிச்சமெல்லாம் இன்னும் முழுசா இருக்குது."

உடைந்த கொஞ்சத்துக்கே ஹால் முழுக்க மயங்கி நிற்கிறது. முழுசாய் இருப்பது எவ்வளவோ. நாகஜோதி இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள், தூங்குகிற எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக.

அந்த செக்‌ஷனுக்குத் தனிச் சட்டம். தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடாது, பவுடர் கூடாது, தைலம் கூடாது. துணியில் வேறு வாசம் ஏறினால் ஆர்டர் திரும்பிவிடும். "பூவுமில்ல, எண்ணெயுமில்ல. எழவு ஊட்டுக்குக் கெளம்பற மாதிரியே இருக்குது," என்றாள் சித்ரகலா. வாசம் கூடக் குறைய இருக்கிற துணிகளைக் கையில் கொடுத்து எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் வைத்தார்கள். சித்ரகலாவுக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தது. நாகஜோதி வரிசை மாறாமல் அடுக்கினாள். அவள் அம்மா வீட்டில் எல்லாருக்குமே கூரான மூக்கு. அடுத்த தெருவில் கருவாடு வறுத்தாலும் என்ன கருவாடு என்று சொல்வார்கள்.

அன்றிலிருந்து அவள் வேலை அதுதான். மெஷினில் வாசத்தண்ணீர் ஊறி, டிரையரில் காய்ந்து வரும் சின்னச் சின்னப் பனியன்களை எடுத்து, மார்புப் பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, முகர்ந்து, சரியானதை இடப்பக்கமும் கம்மியானதை வலப்பக்கமும் போடவேண்டும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு பூ பூத்தது. சலிக்கவே இல்லை.

மத்தியானம் சின்னத்தாய் மதினி நாகஜோதியின் கைக்குழந்தை முகிலனைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வருவாள். ஒரே காம்பவுண்டில் பக்கத்து வீடு. மில்லில் பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி வேலையை விட்டவள், இப்போது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவளுக்குப் பேறுகால லீவு கிடையாது. முகிலனுக்குத் தலை நிற்பதற்குள் நாகஜோதி திரும்ப வந்துவிட்டாள். வாட்ச்மேன் ஷெட்டின் பின்னால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுப்பாள்.

அந்த முதல் நாள் அவள் வேண்டுமென்றே கை கழுவாமல் வந்தாள். எந்த ஊர்க் குழந்தைக்கோ போகிற வாசம், தன் பிள்ளையும் ஒரு தடவை மோந்துகொள்ளட்டும் என்று ஆசை.

முகிலன் மடியில் கிடந்து வாயைக் கொண்டுவந்தான். சட்டென்று நிறுத்தினான். நெற்றியைச் சுருக்கி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தெரியாதவர்கள் தூக்கினால் அழுவானே, அந்த அழுகை.

"என்னட்டி சோப்புப் போட்ட?" என்றாள் சின்னத்தாய்.

"சோப்பு இல்ல மதினி, பூ. பிள்ளைகளத் தூங்க வைக்கிற பூ."

"தூங்குறவனையில்ல எழுப்பி விட்டிருக்கு."

வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்தார்கள். உடல்சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். மறுநாள் கையைக் கழுவிவிட்டு வந்தும் குடிக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லானது. சாயப்பட்டறையிலிருந்து வந்த அவள் புருஷன் ராஜபாண்டி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டதும் அழுகை அடங்கியது.

"எம்மேல சாயம் நாறுது. எங்கிட்ட வாறான்," என்றான். சிரிக்கத்தான் சொன்னான். நாகஜோதி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலைமாவு போட்டு, சீயக்காய் போட்டு, தோல் எரிகிற வரைக்கும் தேய்த்துக் குளித்தாள். பிரசவ நாட்களில் போட்ட நைட்டி, அக்குள் கிழிந்து பையில் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். முகிலனுக்குக் கண் மூடியிருந்தது. மடியில் வைத்ததும் மூக்கு மட்டும் விழித்துக்கொண்டது. அது துணியில் இப்படியும் அப்படியும் போய்த் தேடி, வரவேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. மடக் மடக்கென்று குடித்தான். அம்மா என்று சொல்லத் தெரியாது, பெயர் தெரியாது. இத்தனை பேரில் இவள்தான் என்று அந்த மிளகளவு மூக்குக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாகஜோதிக்கு மயிர் கூச்செறிந்தது.

சந்தோஷத்தில் அவன் தலையை வருடினாள்.

வாசம் வந்தது. ஹாலில் வந்த அதே வாசம், மெலிதாக. முகிலன் வாயை எடுத்துவிட்டு வீறிட்டான்.

அவள் உள்ளங்கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் ரேகையைத் தேய்த்துவிட்டு முகர்ந்தாள். இருந்தது. இத்தனை குளித்தும், ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் முத்துகள் முழுசாகப் பதுங்கி, அவள் யாரையாவது தொடுவதற்காகக் காத்திருந்தன.

திங்கட்கிழமை டீ நேரத்தில் மோகன்ராஜிடம் போய் நின்றாள்.

"அண்ணே, என்னைப் பிசிறு வெட்டுறதுக்கு மாத்தி விடுங்க. இல்ல, டெய்லருக்குத் துணி எடுத்துக் குடுக்கிற கைமடிக்கு அனுப்புங்க. எதுனாலும் செய்யுதேன். பிள்ள பால் குடிக்க மாட்டேங்குறான். எடை இறங்கிட்டுன்னு நர்ஸம்மா சொல்லுதாங்க."

"அடடா," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஏனம்மிணி, டின் பால் குடுத்துப் பாத்தீங்களா? எம்பட பையன் டின் பால்லதான் வளந்தான். இப்ப பாருங்க, எருமைக் கன்னாட்டம் இருக்கறான்."

"அதுவும் சேரல, கழியுறான். இப்படியே போனா எனக்கும் பால் வத்திரும்ண்ணே."

"ஷிப்மெண்ட் போகட்டும் கண்ணு. போனதும் நானே மாத்தி உடறேன். இப்ப நீங்க போயிட்டா யாரு மோந்து பாப்பாங்க? எனக்கா, பொடி போட்டுப் போட்டுச் செத்த மூக்கு."

"கிளவுஸாவது குடுங்க."

மோகன்ராஜ் தேவிப்பிரியாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வெறும் வெரல்லதான் தேய்க்கணும்னு சரக்கு வாங்கற பையர் எழுதியிருக்காங்க்கா. கிளவுஸ் போட்டா ரப்பர் வாசம் ஏறிரும்." பிறகு, "நான் மெயில் போட்டுக் கேக்கறனுங்க," என்றாள். பதில் வரவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்றால், ராஜபாண்டியின் பட்டறை மாதத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. கம்பெனி கேட்டுக்கு வெளியே தினமும் காலையில் ஆட்கள் வேலைக்காக நிற்கிறார்கள். நாகஜோதி தேய்த்தாள், முகர்ந்தாள், இடப்பக்கம் போட்டாள். வாசம் இப்போதும் அதிசயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குக் கோபம். வெறுக்கலாம் என்று மூச்சை இழுத்தால், மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கியது.

பேக்கிங்குக்கு அட்டைப்பெட்டிகள் வந்தன. பெட்டியின் மேல் ஒரு படம்: வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று அம்மாவின் கழுத்தில் மூக்கைப் புதைத்துத் தூங்குகிறது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி.

"என்ன போட்டிருக்கு?"

தேவிப்பிரியா சொல்லத் தயங்கினாள். "அம்மா பக்கத்துலயே இருக்கற மாதிரி தூங்கும்னு போட்டிருக்குதுங்க்கா."

"தூங்கும்," என்றாள் நாகஜோதி. "நல்ல சரக்கு."

ஷிப்மெண்ட் போனது. மோகன்ராஜ் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். ஒரு பீஸ்கூடக் குறை சொல்லாமல் பையர் அடுத்த ஆர்டரையும் தந்திருக்கிறார், இதைவிடப் பெரியது என்றார். நாகஜோதியிடம் வந்து கையில் இரண்டாவது லட்டை வைத்தார்.

"உங்க மூக்குக்குத்தானம்மிணி இந்த ஆர்டரு. இப்பப் போயி உங்கள மாத்த முடியுங்களா?"

புதுக் கேன்கள் வந்து இறங்கின.

மத்தியானம் மணி அடித்ததும் அவள் பேக்கிங்கிலிருந்து இரண்டு பாலிதீன் பைகளை எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் ஷெட்டின் பின்னால் போனாள். கைகளைப் பைகளுக்குள் விட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளருக்குள் பாலைப் பீய்ச்சினாள். முன்போல வரவில்லை. டம்ளரின் அடி மறைந்ததோடு நின்றுவிட்டது. சின்னத்தாய் அதை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

"நீ கிட்ட வராதட்டி. காத்து இந்தப் பக்கமா அடிக்கி."

துவைக்காத அந்த நைட்டியை சின்னத்தாய் தன் மார்பின்மேல் விரித்து, முகிலனை அதில் கிடத்தினாள். அழுதுகொண்டிருந்தவன் அடங்கினான். மூக்கு துணிமேல் இப்படியும் அப்படியும் போனது. கழுத்துப் பட்டியைத் தாண்டி, அறுந்த பட்டனைத் தாண்டி, பால் காய்ந்து வெளுத்திருந்த இடத்துக்கு வந்து நின்றது. மதினி பால் புகட்டப் பாலாடையை எடுப்பதற்குள் அவன் அந்தத் துணியை வாயில் கவ்விச் சப்ப ஆரம்பித்தான்.

நாகஜோதி ஷெட் சுவரோரமாகவே நின்றாள். பைகளைக் கழற்றவில்லை. ஈரத்தில் அவை உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மகன் தன்னைக் கண்டுபிடித்துவிட்டதை, இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, மணி அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.